கிளமிடியா: ரிப்போர்ட் எதைச் சொல்லாது?

போன எபிசோடுக்கு அப்புறம் நிறைய பேர் கேட்டது ஒண்ணுதான்: "எனக்குத்தான் ஒண்ணுமே பண்ணலையே, நான் எதுக்கு டெஸ்ட் எடுக்கணும்?"

கிளமிடியாவோட சிக்கலே அதுதான். இது பாக்டீரியாவால் வரும் பால்வினைத் தொற்று. 2020இல் உலகம் முழுக்க 12.9 கோடி புதிய தொற்றுகள் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணிப்பு. பெரும்பாலானவர்களுக்கு அறிகுறியே இருக்காது. சிலருக்குச் சிறுநீர் போகும்போது எரிச்சல், வெள்ளைப்படுதல் அல்லது கசிவு வரலாம். கவனிக்காம விட்டா, பெண்களுக்குக் கருக்குழாய் வரை பரவி, பிறகு கருத்தரிப்பதே கஷ்டமாகலாம்.

டெஸ்ட் ரொம்ப சிம்பிள். ஒரு மணி நேரம் சிறுநீர் போகாம இருந்து, முதலில் வருவதைப் பிடிச்சுக் கொடுத்தா போதும். மருந்து பெரும்பாலும் 7 நாள் டாக்ஸிசைக்ளின். கர்ப்பமா இருந்தா வேற மாத்திரை, அதனால மெடிக்கல் ஷாப்ல நீங்களா வாங்காதீங்க.

உண்மையான கஷ்டம் அதுக்கப்புறம்தான். பாசிட்டிவ்னு பார்த்ததும் "யார்கூட போன?"னு சண்டை வெடிக்கும். ஆனா இந்தத் தொற்று மாசக்கணக்கில், சில சமயம் வருஷத்துக்கு மேலேயும் சத்தமில்லாம இருக்கும். எப்போ வந்தது, யார்கிட்டயிருந்து வந்ததுன்னு ரிப்போர்ட் சொல்லாது. உங்க உறவுக்கு முந்தியே வந்திருக்கலாம்.

துணைக்குச் சொல்லியே ஆகணும். அவங்களும் மருந்து எடுக்கலைன்னா உங்களுக்குத் திரும்ப வரும். மருந்து முடியும்வரை உடலுறவு வேண்டாம். 3 மாசம் கழிச்சு மறுபடி டெஸ்ட்.

யார்கிட்ட கேக்குறதுன்னு தயக்கமா இருந்தா, 1097க்கு அடிங்க. கட்டணம் கிடையாது.