ஓட்டமும் ஒற்றையடிப் பாதையும்

ஓட்டம் என்ற சொல்லைக் கேட்டவுடன் வெண்கோடு கீறிய விளையாட்டுத் திடலும், கைதட்டும் கூட்டமும், வெற்றிக் கிண்ணமுமே பலருக்கு நினைவில் வருகின்றன. ஆயினும் திடலும் கிண்ணமும் தோன்றுவதற்கு எத்தனையோ நூற்றாண்டுகளுக்கு முன்னரே மனிதன் ஓடினான். அவன் ஓடியது ஓரூரை மற்றோரூருடன் இணைத்த ஒற்றையடிப் பாதையிலேயாகும். நல்ல திடல் இல்லாத கிராமங்கள் இந்நாட்டிற் பல உண்டு. பாதை இல்லாத கிராமம் ஒன்றேனும் இல்லை. இவ்வுண்மையை மனத்திற் கொண்டு, புத்தளம் மாவட்டத்துக் கரைத்தீவையும் அதன் சுற்றுப்புறத்தையும் ஓட்டக்காரனின் கண்கொண்டு நோக்கலாம்.

புத்தளம் நகருக்கு வடக்கே, வண்ணாத்திவில்லுப் பகுதியின் கரையோரத்தில் அமைந்தது கரைத்தீவு. ஒருபுறம் உப்புநீர்ப் பரப்பும் கண்டல் மரங்களும். மறுபுறம் செம்மண் நிலமும், பாலையும் வீரையும் வளரும் வரண்ட காடும். வடதிசையிற் கலா ஓயா கடலைச் சேர்கின்றது. அதன் கழிமுகத்திலுள்ள மீனவர் குடியிருப்புக்குக் கங்கேவாடி என்று பெயர். ஆற்றங்கரையில் அமைந்த வாடி என்பதே அப்பெயரின் பொருள். நீரும் மணலும் செம்மண்ணும் காடும் இவ்வளவு அருகருகே அமைந்த நிலத்தில், ஒரு காலைப் பொழுதிலேயே நால்வகைத் தரையை மிதித்து ஓடலாம்.

இக்கரையோரத்திற்கும் ஓட்டத்திற்கும் உள்ள தொடர்பு புதியதன்று. ஒல்லாந்தர் காலத்திலும் ஆங்கிலேயர் ஆட்சியின் தொடக்கத்திலும், கொழும்புக்கும் யாழ்ப்பாணத்துக்கும் இடையே கடிதப் பைகள் புத்தளம், மன்னார் வழியாக மேற்குக் கரையை ஒட்டியே சென்றன. அவற்றைச் சுமந்தவை மனிதக் கால்களே. ஒருவன் தனக்குரிய எல்லை வரை பையைக் கொண்டு சேர்ப்பான். அங்கே காத்திருப்பவன் அதனை வாங்கிக்கொண்டு மேலே செல்வான். கடலுக்கு அப்பால் திருவிதாங்கூரிலும் இவ்வகை அஞ்சல் முறை இருந்தது. அங்கே அஞ்சற்காரன் மணி கட்டிய கோலுடன் ஓடுவான். மணியோசை கேட்டவுடன் வழியிற் செல்வோர் ஒதுங்கி இடம் விடுவர். 1951-ஆம் ஆண்டில் அந்த அஞ்சற்சேவை இந்தியத் தபாற் சேவையுடன் இணைக்கப்பட்டது. இன்று பாடசாலை விளையாட்டு விழாவில் நான்கு மாணவர் கோல் மாற்றி ஓடும் போட்டியை அஞ்சலோட்டம் என்கின்றோம். பை போயிற்று, கோல் மட்டும் கைமாறுகின்றது. பழைய தொழிலின் நினைவை அச்சொல் இன்றும் சுமந்து நிற்கின்றது.

இனி, கரைத்தீவைச் சூழ்ந்த வழிகளை ஒவ்வொன்றாகக் காணலாம்.

முதலாவது கரையோர வழி. உலர்ந்த மணலில் ஓடுவது எளிதன்று. கால் புதையும், முன்னே செலுத்தும் விசையின் ஒரு பகுதியை மணல் விழுங்கிவிடும். உறுதியான தரையில் ஓடுவதைவிட உலர்மணலில் ஓடுவதற்கு ஏறக்குறைய 1.6 மடங்கு சக்தி செலவாகின்றது என்று ஆய்வாளர் அளந்து கூறியுள்ளனர். ஆனால் அலை நனைத்து இறுகிய ஈரமணல் கல்லைப்போல் வன்மையானதுமன்று, மாவைப்போல் மென்மையானதுமன்று, வெறுங்காலுக்கு ஏற்றது. வலையிழுக்கும் மீனவரின் பிள்ளைகள் இவ்வேறுபாட்டை எந்நூலையும் படியாமலே அறிவர். அவர்களுடைய கால்கள் தாமாகவே நீரோரத்தை நாடும்.

இரண்டாவது, தோட்டங்களின் ஊடே செல்லும் செம்மண் வண்டிப் பாதை. கோடையில் இது புழுதி மண்டிக் கிடக்கும். ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் மாரி மழை பெய்தபின் புழுதி அடங்கித் தரை இறுகும். அப்பொழுது இதனைவிடச் சிறந்த ஓட்டப் பாதை வேறில்லை எனலாம். ஆயினும் மழைக்குப் பின் புல் அடர்ந்து வளரும்; புல்லினுள்ளே கண்ணாடி விரியன் சுருண்டு கிடத்தல் கூடும். ஆதலின் பாதையின் நடுவே ஓடுவதும், காலடியிற் கண் வைப்பதும் கட்டாயமாகும்.

மூன்றாவது காட்டோர வழி. நிழலும் நிசப்தமும் மிக்க இவ்வழியே ஓடுபவன் மனத்தைப் பெரிதும் கவரும். ஆபத்து மிக்கதும் இதுவே. வரண்ட வலயத்தில் வெயில் ஏறிய பின் ஓடுதல் உடலுக்குத் தீங்கு. எனவே ஓட்டக்காரன் விடியற்காலையையும் அந்திவேளையையும் விரும்புவான். காட்டு யானையும் அவ்விரு வேளைகளையே விரும்புகின்றது! குளிர்ச்சியான அந்நேரத்திலேதான் அது நீரையும் மேய்ச்சலையும் நாடி வெளிவரும். அண்மைக் காலத்தில் இலங்கையில் யானை தாக்கி ஆண்டுதோறும் நூற்றுக்கு மேற்பட்ட மக்கள் உயிரிழக்கின்றனர். மடியும் யானைகளின் தொகை அதனினும் பெரிது. ஆகவே விடியலிற் கரையோரம், நன்றாக வெளிச்சம் வந்த பின்னரே காட்டோரம், அதுவும் தனியே அன்று, துணையோடு என்ற ஒழுங்கைக் கைக்கொள்ளல் வேண்டும். புதிய இலத்தியைக் கண்டவன் திரும்பி ஓடுவது கோழைத்தனமன்று. அது வழியறிந்தவனின் அறிவு.

இவற்றுக்கு அப்பால் ஒரு பெருவழி உண்டு. புத்தளத்திலிருந்து இலவன்குளத்தைக் கடந்து, கலா ஓயாவைத் தாண்டி, பொம்பரிப்பு, மறிச்சுக்கட்டி வழியாக மன்னாரை நோக்கிச் செல்லும் பழைய பாதை அது. பொம்பரிப்பில் அகழ்ந்தெடுத்த ஈமத்தாழிகள் தமிழகத்து ஆதிச்சநல்லூர்த் தாழிகளோடு ஒப்புமை உடையவை. அத்துணைப் பழங்காலத்திலேயே இக்கரையில் மக்கள் வாழ்ந்தனர் என்பதற்கு அவை சான்று. ஆனால் ஆற்றுக்கு அப்பாலுள்ள அவ்வனம் 1938-ஆம் ஆண்டு முதல் வில்பத்துத் தேசிய வனமாகப் பேணப்படுகின்றது. அங்கே சிறுத்தைக்கும் கரடிக்கும் உரிய தடங்களில் மனிதன் ஓடுதல் முறையன்று. எங்கே ஓடலாம் என்பதைப் போலவே எங்கே நிற்க வேண்டும் என்பதை அறிவதும் பாதையறிவின் ஒரு பகுதியேயாகும்.

கிராமத்துப் பாதையில் ஓடிப் பழகுவதால் என்ன பயன் என்று சிலர் வினவலாம். 1960-ஆம் ஆண்டு உரோமாபுரியில் நடந்த ஒலிம்பிக் மரதன் ஓட்டத்தில், எத்தியோப்பிய நாட்டு அபேபே பிக்கிலா 42 கிலோமீற்றருக்கு மேற்பட்ட தூரத்தை வெறுங்காலுடன் ஓடி முதலிடம் பெற்றார். மலைநாட்டுக் கிராமத்திற் பிறந்த அவரை உலகம் வியந்து நோக்கிற்று. நம் நாட்டிலும் எடுத்துக்காட்டுக்குக் குறைவில்லை. முல்லைத்தீவு மாவட்டத்தைச் சேர்ந்த அகிலத்திருநாயகி அம்மையார் 2023-ஆம் ஆண்டில், தமது 72-ஆம் வயதில், பிலிப்பைன்ஸ் நாட்டில் நடைபெற்ற மூத்தோர் மெய்வல்லுநர் போட்டியில் 1500 மீற்றர் ஓட்டத்தில் தங்கப் பதக்கம் வென்றார். ஓட்டத்திற்கு வயதும் தடையன்று, பெண்மையும் தடையன்று என்பதற்கு வேறு சான்று வேண்டுமோ?

ஆயினும் பதக்கத்தினும் பெரிய பொருள் ஒன்று இங்கே உண்டு. பாதை என்பது வெட்டி வைத்தால் என்றும் நிலைக்கும் பொருளன்று. நாள்தோறும் கால்கள் பதிவதால் அது வாழ்கின்றது. கால்கள் பதியாவிடின் இரண்டு மாரிகளில் முட்செடி மூடி மறைந்துவிடுகின்றது. முன்னர் கடைக்கும் கிணற்றுக்கும் களப்புக்கும் நடந்து சென்றவர்கள் இன்று மோட்டார் சைக்கிளில் வீதியாற் செல்கின்றனர். வசதியைக் குறைகூற எவருக்கும் உரிமையில்லை. ஆனால் பாதை மறையும்போது அதனோடு வேறு பலவும் மறைகின்றன. எந்த மரத்தடியில் நல்ல நிழல் உண்டு, எந்தக் குழியில் ஆடி மாதத்திலும் நீர் நிற்கும், எந்த இடத்தில் யானை கடக்கும் என்னும் அறிவெல்லாம் முதியோரின் கால்களில் தங்கியிருப்பவை. அவர்கள் நடையை நிறுத்தியதும், கற்பிப்பார் இன்றி அவ்வறிவு அவர்களோடு போய்விடும். சொந்த ஊரில் வழி தெரியாத பிள்ளைக்கு உலகப் படத்தில் உரோமாபுரியைக் காட்டுவதால் மட்டும் கல்வி நிறைவுறுமா?

இதற்குப் பெரும் பொருட்செலவு வேண்டுவதில்லை. ஒவ்வொரு தவணையிலும் ஒரு பாதையைப் பாடசாலை ஏற்றுக்கொள்ளட்டும். ஊர்ப் பெரியவர் ஒருவர் முன்னே நடந்து வழி காட்டட்டும். மாணவர்கள் முள்ளை வெட்டி ஒதுக்கி, கயிறு பிடித்துத் தூரத்தை அளந்து, மரத்தையும் நீர்நிலையையும் குறித்துப் படம் வரையட்டும். பின்னர் எல்லாரும் அதில் ஓடட்டும். பத்து வயது நிரம்பியதும் பெண்பிள்ளைகளை ஓட்டத்திலிருந்து ஒதுக்கிவைக்கும் வழக்கமும் அப்பாதையிலேயே ஒழியட்டும். தாய்மார் இருவர் மூவர் கூடவே நடந்து வந்தால், பிள்ளைகளுக்குத் துணையும் ஆகும், தமக்கு நலமும் ஆகும்.

அக்காலத்துத் தபாற்காரன் தன் எல்லை வரை ஓடி, பையை அடுத்தவன் கையிற் சேர்த்த பின்னரே இளைப்பாறினான். அடுத்தவன் காத்திருக்காவிடின் அவன் ஓடியதெல்லாம் வீணாகும். கரைத்தீவின் முதியோர் தம் எல்லை வரை நடந்து வந்துவிட்டனர். அவர்கள் நீட்டும் பையைப் பெற்றுக்கொள்ள இளைய கைகள் அங்கே காத்திருத்தல் வேண்டும்.