ஆய்வாளரை எப்படி அளக்கிறார்கள்?

(பல்லடம் வட்டார ஆசிரியர் கூடுகை ஒன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)



நம்மில் சிலர் பகுதி நேரமாக முனைவர் பட்ட ஆய்வு செய்கிறோம். மேல்நிலை வகுப்பு எடுப்பவர்களிடம் பெற்றோர் வந்து, "எந்தக் காலேஜுங்க சார் நல்லது? ரேங்க்குல எத்தனாவதுங்க?" என்று கேட்கிறார்கள். இந்த இரண்டுக்கும் பின்னால் ஒரே கணக்குதான் இருக்கிறது. 2016 முதல் வெளிவரும் தேசியத் தரவரிசையில், ஒரு நிறுவனத்தார் எத்தனை ஆய்வுக் கட்டுரைகள் வெளியிட்டார்கள், அவற்றைப் பிறர் எத்தனை முறை மேற்கோள் காட்டினார்கள் என்பதற்கும் மதிப்பெண் உண்டு. அந்தக் கணக்கு எப்படிப் போடப்படுகிறது என்று தெரிந்துகொள்வது நமக்குப் பயன்படும்.

இந்தத் துறையின் பெயர்க் கதை நம் பக்கத்து ஊரைத் தொட்டுப் போகிறது. சீர்காழியில் 1892-இல் பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதன் சைதாப்பேட்டையில் நம்மைப் போல ஆசிரியர் பயிற்சி பெற்றவர். மங்களூரிலும் கோயம்புத்தூரிலும் சென்னையிலும் கணிதம் கற்பித்தவர். 1924-இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகர் ஆனார். நூலகத்தையும் கணக்காசிரியர் கண்ணால்தான் பார்த்தார். 1948-இல் இங்கிலாந்தில் நடந்த ஒரு நூலகர் மாநாட்டில், நூலகப் பணிகளைப் புள்ளியியல் கொண்டு அளக்க வேண்டும் என்று சொல்லி, அதற்கு 'லைப்ரமெட்ரி' என்று பெயர் வைத்தார். இன்று வழங்கும் 'பிப்ளியோமெட்ரிக்ஸ்' என்ற சொல் பரவியது 1969-க்குப் பிறகுதான். ரங்கநாதன் அளக்க நினைத்தது நூலகத்தை. ஆளை அளக்கும் வேலை பின்னால் வந்தது.

அமெரிக்காவில் யூஜின் கார்பீல்டு 1964-இல் அறிவியல் மேற்கோள் அட்டவணையைக் கொண்டுவந்தார். ஒரு கட்டுரையைப் பின்னால் யார் யார் எடுத்தாண்டார்கள் என்று தேட அது உதவியது. அதிலிருந்து வந்ததுதான் 'இம்பாக்ட் பேக்டர்'. ஓர் இதழுக்கு 2024-இல் அது எவ்வளவு? அந்த இதழில் 2022, 2023 ஆண்டுகளில் வந்த கட்டுரைகளுக்கு 2024-இல் கிடைத்த மேற்கோள்களை, அந்தக் கட்டுரைகளின் எண்ணிக்கையால் வகுக்க வேண்டும். அவ்வளவுதான், ஒரு சராசரி. வகுப்புச் சராசரி 70 என்பதால் கடைசி பெஞ்சுப் பையனும் 70 வாங்கியிருக்கிறான் என்று நாம் சொல்வதில்லை. ஆனால் நல்ல இதழில் வந்த கட்டுரை எல்லாம் நல்ல கட்டுரை என்று சொல்லிவிடுகிறோம்.

ஆளை அளப்பதற்கு 2005-இல் ஜார்ஜ் ஹிர்ஷ் என்ற இயற்பியலாளர் 'எச்-இன்டெக்ஸ்' என்ற எண்ணைத் தந்தார். கரும்பலகையில் போட்டுப் பார்ப்போம். ஒருவருக்கு ஐந்து கட்டுரைகள். மேற்கோள்கள் 40, 12, 5, 3, 1. இறங்கு வரிசையில் எழுதி, பக்கத்தில் வரிசை எண் போடுங்கள். மூன்றாவது கட்டுரைக்கு 5. வரிசை எண்ணான 3-ஐ விடக் குறையவில்லை. நான்காவதற்கு 3, அது 4-க்குக் குறைவு. ஆகவே இவருடைய எச்-இன்டெக்ஸ் 3. ஏழாம் வகுப்புப் பிள்ளைகளே போட்டுவிடுவார்கள். இப்போது இன்னொருவர். ஒரே கட்டுரை, 1,000 மேற்கோள். அவருக்கு எச்-இன்டெக்ஸ் 1. எத்தனை கட்டுரை எழுதினாரோ அதைத் தாண்டி இந்த எண் போகாது. ராமானுஜன் வெளியிட்டவையாகத் தொகுக்கப்பட்ட கட்டுரைகள் 37. அவருடைய குறிப்பேடுகளை வைத்து உலகம் இன்னும் கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறது. இந்த அளவுகோலில் அவற்றுக்கு இடமில்லை.

ஜி.என். ராமச்சந்திரனைச் சொல்லாமல் இந்தப் பேச்சு நிறைவடையாது. சென்னைப் பல்கலைக்கழகத்தில், கிண்டி வளாகத்தில் அவர் துறைத் தலைவர். 1963-இல் ராமகிருஷ்ணன், சசிசேகரன் இருவருடன் சேர்ந்து ஒரு கட்டுரை வெளியிட்டார். ஐந்தே பக்கம். புரதச் சங்கிலி எந்தெந்தக் கோணங்களில் திரும்ப முடியும், எந்தக் கோணத்தில் அணுக்கள் ஒன்றோடொன்று முட்டிக்கொள்ளும் என்று காட்டும் வரைபடம் அதிலிருந்து பிறந்தது. இன்றும் உலகில் எந்த ஆய்வகத்தில் ஒரு புரதத்தின் வடிவத்தைக் கண்டுபிடித்தாலும், அது சரியா என்று பார்க்க 'ராமச்சந்திரன் வரைபடம்' போடுகிறார்கள். பெயரைச் சொல்கிறார்கள், அடிக்குறிப்பில் 1963 கட்டுரையைப் பலர் குறிப்பிடுவதில்லை. பித்தகோரஸ் தேற்றத்துக்கு யார் அடிக்குறிப்பு போடுகிறார்கள்? அந்த நிலைக்கு வந்த ஆய்வை மேற்கோள் எண்ணிக்கை குறைத்தே காட்டும்.

எண்ணுக்குச் சம்பளமும் பதவியும் தரவரிசையும் கட்டப்பட்ட பிறகு இன்னொரு சிக்கல் வந்தது. மேற்கோள் என்பது, "உங்கள் ஆய்வால் நான் பயன் பெற்றேன்" என்பதற்கான நன்றி. அதை மொய் ஆக்கிவிட்டார்கள். நீ எனக்கு வை, நான் உனக்கு வைக்கிறேன். தன் கட்டுரையில் தன் பழைய கட்டுரைகளையே வரிசையாக அடுக்குவதும் உண்டு. நம் விசைத்தறிக்காரர்களுக்கு இது சொன்னவுடன் புரியும். மீட்டர் கணக்கில் கூலி என்றால் மீட்டர் கூடும். ஆனால் துணியைப் பிரித்து வெளிச்சத்தில் பார்ப்பவர் ஒருவர் அங்கே இருக்கிறார். இங்கே அந்த ஆளைத்தான் காணோம். 2012-இல் சான்பிரான்சிஸ்கோவில் அறிவியலாளர்கள் கூடி, ஒருவரை மதிப்பிட இதழின் இம்பாக்ட் பேக்டரைப் பயன்படுத்தாதீர்கள், கட்டுரையைப் படியுங்கள் என்று அறிக்கை எழுதினார்கள். தேர்ச்சி விழுக்காட்டை வைத்து மட்டும் அளக்கப்படும் நமக்கு அந்த வேண்டுகோளின் நியாயத்தை யாரும் விளக்க வேண்டியதில்லை.

இனி ஆய்வு செய்யும் நண்பர்களுக்கு. பணம் கட்டினால் மூன்று நாளில் கட்டுரை வெளியாகும் என்று குறுஞ்செய்தி வருகிறது. ஆய்வேட்டைக் கொடுக்கும் முன் இதழில் கட்டுரை வந்திருக்க வேண்டும் என்ற பழைய கட்டாயத்தைப் பல்கலைக்கழக மானியக் குழு தன் 2022 விதிமுறைகளில் எடுத்துவிட்டது. உங்கள் பல்கலைக்கழகம் தனியாக என்ன விதி வைத்திருக்கிறது என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள்; அதுவரை யாருக்கும் பணம் அனுப்பாதீர்கள். தரமான இதழ்கள் என்று மானியக் குழு வைத்திருந்த 'கேர்' பட்டியலும் 2025-இல் கைவிடப்பட்டது. அதில் இருக்கிறோம் என்று இன்று எவரேனும் விளம்பரம் செய்தால் அதற்குப் பொருளில்லை. இதழின் பழைய எண்கள் இரண்டைத் திறந்து, உங்கள் பாடத்தில் வந்த ஒரு கட்டுரையை முழுதாகப் படியுங்கள். ஆசிரியர் குழுவில் உள்ள பேராசிரியர், தம் பல்கலைக்கழகப் பக்கத்தில் அந்த இதழைக் குறிப்பிடுகிறாரா என்று பாருங்கள். மதிப்பீட்டாளரின் கருத்து உங்களுக்கு எழுத்தில் வருமா என்று கேளுங்கள். மூன்று நாளில் வெளியிடுகிறவர் அதை யாரிடம் கொடுத்துப் படிக்கச் சொல்வார்?

கூகுள் ஸ்காலர் இலவசம்தான். உங்கள் வழிகாட்டியின் பெயரைப் போட்டால் இந்த எண்கள் எல்லாம் வரும். எண்ணைப் பார்த்ததும் மூடிவிடாமல், அவரை மேற்கோள் காட்டியவர்கள் யார், எதற்காகக் காட்டினார்கள் என்று கீழே இருக்கும் இணைப்பைச் சொடுக்கிப் பாருங்கள். தமிழ் இலக்கியமும் வரலாறும் ஆய்வு செய்பவர்கள் மட்டும் அங்கே எண் குறைவாகத் தெரிந்தால் கலங்க வேண்டாம். அச்சுப் புத்தகங்களின் அடிக்குறிப்பில் இருக்கும் மேற்கோள்கள் பலவும் அந்தக் கணக்கில் ஏறுவதில்லை.

கைப்பேசி வைத்திருப்பவர்கள் எடுங்கள். ராமச்சந்திரனின் 1963 கட்டுரையிலிருந்தே தேட ஆரம்பிப்போம்.