மாயக்காரி

பெற்றோர் பார்த்து வைத்த பெண்ணை மறுத்து, ஓர் இளைஞன் தான் விரும்பியவளை மணந்துகொள்கின்றான் என்று வைத்துக்கொள்வோம். ஊரார் அவனைக் குறைகூறுவது அரிது. ‘பொடியனை மயக்கிப்போட்டாள்’ என்பர். ‘மருந்து வைத்துவிட்டாள்’ என்பாரும், ‘சொக்குப்பொடி தூவிவிட்டாள்’ என்பாரும் உளர். இவ்வாக்கியங்களின் அமைப்பை நேயர்கள் சற்றே கூர்ந்து நோக்குதல் தகும். இவற்றில் எழுவாயாக நிற்பவள் பெண்; ஆடவனோ செயப்படுபொருளாகவே நிற்கின்றான். அவன் எதனையும் செய்தவன் அல்லன், அவனுக்குச் செய்யப்பட்டது. இலக்கணம் ஒன்றாலேயே அவன் குற்றத்தினின்றும் விடுதலை பெற்றுவிடுகின்றான்.

மயக்கும் பெண்ணைக் குறிக்கும் சொல் தமிழில் மிகப் பழைமையானது. ‘அணங்கு’ என்பது வருத்தும் தெய்வத்தையும், அத்தெய்வம் தரும் வருத்தத்தையும், கண்டாரை வருத்தும் பேரழகுடைய மகளையும் ஒருங்கே உணர்த்தும். திருக்குறளின் காமத்துப்பால் தொடங்கும் 109ஆம் அதிகாரத்துக்குத் தகையணங்குறுத்தல் என்பதே பெயர். அங்கே பேசுபவன் தலைவன். தன் நெஞ்சு நிலைகலங்கியதை அவனே வியந்து கூறுகின்றான். அவள்மீது வழக்குத் தொடுக்கின்றானல்லன். புராணத்தில் மோகினி என்பது அமுதத்தைப் பங்கிடுதற்குத் திருமால் எடுத்த வடிவம். ஊர்ப்பேச்சிலோ அப்பெயரே, இரவில் தனிவழி செல்வோரை மயக்கிக் கொல்லும் பிசாசின் பெயராயிற்று. வியப்பு அச்சமாக மாறிய பின்னர், அச்சம் பழியாக மாறுதல் எளிது.

‘நீலிக் கண்ணீர்’ என்னும் தொடரை அறியாதார் இலர். பொய்யழுகை என்பது அதன் பொருள். தொண்டை நாட்டில் திருவாலங்காட்டை அடுத்த பழையனூரின் கதையிலிருந்து பிறந்தது அது. வணிகன் ஒருவனைத் தொடர்ந்து வந்த நீலி என்னும் பேய், அழகிய பெண்வடிவு கொண்டது. கள்ளிக் கொம்பைக் குழந்தையாக்கி இடுப்பிலே ஏந்தியது. ‘இவர் என் கணவர், என்னைக் கைவிட்டுச் செல்கின்றார்’ என்று ஊர் வேளாளர் எழுபதின்மர் முன்னிலையில் அழுதது. வணிகன் அஞ்சி மறுத்தான். அவன் உயிருக்குத் தாம் பிணை என்று வாக்களித்து, அவர்கள் இருவரையும் ஒரு மனையில் தங்கச் செய்தனர். பொழுது விடிந்தபோது வணிகன் பிணமாகக் கிடந்தான். சொன்ன சொல் தவறாத எழுபதின்மரும் தீப்பாய்ந்து உயிர் நீத்தனர்.

ஊரார் நினைவில் நிற்பது இவ்வளவே. கதையின் முற்பகுதியோ பெரும்பாலும் மறக்கப்பட்டது. முற்பிறப்பில் நீலி அந்த வணிகனின் மனைவி. அவன் கையாலேயே கொலையுண்டவள். கணவனால் வஞ்சிக்கப்பட்டேன் என்று அவள் அழுதது முற்றும் பொய்யன்று. குழந்தை பொய், வடிவம் பொய்; வழக்கு மெய். எழுபதின்மர் இறந்ததற்கு நெஞ்சுருகுவோர், முதலில் இறந்தவளையும் எண்ணிப் பார்த்தல் நீதியாகும். மொழியோ அவளது கண்ணீரை வைத்துக்கொண்டு கொலையைக் கைவிட்டுவிட்டது.

இந்நீலிக்கு வேறொரு முடிவும் தமிழில் உண்டு. ஐஞ்சிறு காப்பியங்களுள் ஒன்றாகிய நீலகேசியில், சமண முனிவர் ஒருவரின் தவத்தைக் குலைக்கப் பழையனூர் நீலி வருகின்றாள். அச்சுறுத்திப் பார்த்தாள், பலிக்கவில்லை. அரசகுமாரியாக உருக்கொண்டு மயக்க முயன்றாள், அதுவும் பலிக்கவில்லை. முனிவர் அவளைச் சபிக்கவில்லை; அறங்கூறினார். அதன்பின் அவள் ஊர் ஊராகச் சென்று, பிற சமயத்து ஆசிரியரோடு வாதிட்டு வெல்லும் தருக்க வல்லுநர் ஆகின்றாள். 1936இல் பேராசிரியர் அ. சக்கரவர்த்தி இந்நூலைப் பதிப்பித்தார். ஆயினும் தருக்கத்தில் வென்ற நீலியின் பெயரால் ஒரு பழமொழியும் வழங்கவில்லை.

இலங்கையின் பழங்கதையிலும் இத்தகையாள் ஒருத்தி உளள். மகாவம்சத்தின் ஏழாம் அத்தியாயம் குவேனி என்னும் யட்சியைக் கூறும். விசயனின் தோழர் எழுநூற்றுவரைச் சிறைப்படுத்தியவள் அவள்; பின்னர்ப் பதினாறு வயது மங்கையாக உருமாறி அவனை அடைந்தவளும் அவளே. இம்மட்டில் அவள் மாயக்காரி. ஆனால் அதே அத்தியாயம் மேலும் சொல்கின்றது. தன் இனத்தாரை வெல்லும் வழியை விசயனுக்குக் காட்டிக்கொடுத்து, அவனுக்கு அரசைத் தந்தவள் குவேனி. முடிசூட உயர்குலத்து அரசி வேண்டுமென்று மதுரையிலிருந்து பாண்டியன் மகளை வருவித்தபோது, இரு மக்களுக்குத் தாயான அவளை அவன் போகச் சொல்லிவிட்டான். தன் இனத்தாரிடம் திரும்பியவளை, உளவறிய வந்தாள் என்று ஐயுற்று ஒருவன் அடித்துக் கொன்றான். மயக்கியவள் என்று பெயர் பெற்றவள் அவள். வாக்குத் தவறியவனோ அவன். சிங்கள மக்களின் மரபு இதனை மறக்கவில்லை. கண்டிப் பகுதியில் ஆடப்படும் கொகொம்ப கங்காரிய என்னும் சடங்கு, குவேனியின் சாபத்தால் பாண்டுவாசுதேவ மன்னனுக்கு நேர்ந்த பிணியைத் தீர்க்க எழுந்தது என்பர். அவளுக்கு இழைத்த தீங்கு தீர்க்கப்படாத கடனாக அங்கே நினைக்கப்படுகின்றது.

கதைகள் பெண்ணுக்கு எப்போதும் நீதி செய்தன என்று சொல்வதற்கில்லை. ஆயினும் முழுமையாகக் கேட்கப்படும் கதை, மயக்கியவளுக்கு நேர்ந்த தீங்கையும் உடன் கூறிவிடுகின்றது. பேச்சுவழக்குத்தான் பாதியை நறுக்கி எறிந்துவிடுகின்றது. கைவிடப்பட்ட மனைவி ஒருத்தி முறையிட்டு அழும்போது, ‘நீலிக் கண்ணீர் வடிக்கின்றாள்’ என்று ஒருவர் சொல்லிவிட்டால், அதன்மேல் விசாரணை இல்லை. பழையனூர் வேளாளர் எழுபதின்மரோ அவ்வாறு செய்தாரல்லர். அவள் முறையீட்டையும் வணிகனின் மறுப்பையும் கேட்டனர். தம் உயிரையே பிணையாக வைத்தனர். அவர்கள் முடிவில் ஏமாந்தனர் என்பது உண்மை. ஆனால் கேளாமலே தீர்ப்புச் சொன்னவர்கள் என்ற பழி அவர்களுக்கு இல்லை.