12க்கு 10 அறையில் ஒரு ஹோம் தியேட்டர்

இன்னைக்கு சின்ன அறைக்கு ஹோம் தியேட்டர் சேர்க்கறதைப் பத்திப் பேசலாம். மாமல்லபுரத்துல என் நண்பர் ஒருத்தர் மாடியில 12க்கு 10 அடி அறை ஒண்ணு ஒதுக்கியிருக்கார். நாலு பக்கமும் சிமெண்டுச் சுவர், மேல காங்கிரீட், கீழ கிரானைட். தரைத்தளத்துல அவங்க அம்மா தூங்கறாங்க. கையில ஒரு லட்ச ரூபாய். "எத்தனை வாட்ஸ் ரிசீவர் வாங்கணும்?"னு கேட்டார். அது கடைசிக் கேள்வி, முதல்ல அறையைப் பாப்போம்னேன்.

அந்த ஊர்ச் சிற்பிகள் கல்லைத் தட்டி, ஓசையை வெச்சே ஆண் கல், பெண் கல்னு பிரிப்பாங்க. அறைக்கும் அதே சோதனைதான். நடுவுல நின்னு ஒருதடவை பலமா கைதட்டுங்க. சத்தம் டர்ர்ர்னு இழுத்தா, எந்த ஸ்பீக்கர் வெச்சாலும் வசனம் குழம்பும். கனமான திரைச்சீலை, தடிமனான கம்பளம், துணி சோஃபா, புத்தக அலமாரி... முதல் செலவு இதுக்குத்தான்.

அடுத்தது ஸ்பீக்கர். படத்துல வசனம் பெரும்பாலும் சென்டர் ஸ்பீக்கர்லதான் வரும். அதனால இடது, வலது, சென்டர் மூணும் ஒரே கம்பெனியோட ஒரே சீரிஸா இருக்கட்டும். இல்லன்னா ஒரு கார் திரையைக் கடந்து போறப்ப, நடுவுல அதோட குரலே மாறிடும். பட்ஜெட் இடிச்சா, மலிவா அஞ்சு வாங்கறதை விட நல்லதா மூணு வாங்குங்க. பின்பக்க ஸ்பீக்கரை அடுத்த தீபாவளிக்குப் பாத்துக்கலாம்.

இப்போ வாட்ஸ். ஸ்பீக்கர் விவரத்தாள்ல சென்சிட்டிவிட்டின்னு ஒரு எண் இருக்கும். 87 டெசிபல்னா, 1 வாட் குடுத்தா 1 மீட்டர் தூரத்துல அவ்வளவு சத்தம். நண்பர் உக்காரப்போறது சுமார் 2.5 மீட்டர் தள்ளி. அங்க அது 79 ஆகும். வெடிச்சத்தக் காட்சிக்கு 95 டெசிபல் வேணும்னு வைங்க, அந்த அறைக்கு அதுவே தாராளம். இன்னும் 16 டெசிபல் ஏத்த 40 வாட்ஸ் போதும். அதே ஸ்பீக்கர் 84 டெசிபல்னா 80 வாட்ஸ் ஆயிடும். 3 டெசிபலுக்கு ஒருமுறை பவர் ரெண்டு மடங்கு. ஸ்பீக்கரைத் தேர்ந்தெடுக்காம வாட்ஸ் பேசறதுல அர்த்தமில்லைன்னு சொல்றது இதனாலதான்.

ரிசீவர் பெட்டியில 150 வாட்ஸ்னு பெருசா போட்டிருப்பான். பொடி எழுத்தைப் படிங்க: ஒரே ஒரு சேனல், 6 ஓம், 10 சதவீத டிஸ்டார்ஷன்னு இருக்கும். 8 ஓம், 2 சேனல், 20 முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரைக்கும்னு போட்ட எண்ணைத்தான் நம்பணும். 4 ஓம் ஸ்பீக்கர்னா, ரிசீவர் அதைத் தாங்கும்னு மேனுவல்ல இருக்கான்னு பாத்துக்குங்க.

சப்வூஃபர்லதான் வம்பே. 12 அடி நீளத்துக்கு 47 ஹெர்ட்ஸ் கிட்டயும், 10 அடி அகலத்துக்கு 56 ஹெர்ட்ஸ் கிட்டயும் அந்த அறை தானாவே முழங்கும். காங்கிரீட் சுவர் இந்த பேஸை உறிஞ்சாது. 10 அங்குல சீல்டு சப் ஒண்ணு போதும். அதை சோஃபாவுல நீங்க உக்கார்ற இடத்துலயே வெச்சு, பேஸ் கிட்டார் இருக்கற பாட்டைப் போட்டுட்டு, சுவரோரமா தவழ்ந்து போங்க. வீட்ல சிரிப்பாங்க, பரவாயில்ல. எங்க குதிரை ஓட்டம் மாதிரி இல்லாம ஒவ்வொரு சுரமும் ஒரே அளவுல கேக்குதோ, அங்கதான் சப்புக்கு இடம். ரிசீவர்ல ஸ்பீக்கர்களை 'ஸ்மால்'னு வெச்சு, கிராஸோவரை 80 ஹெர்ட்ஸ்ல விடுங்க. சப் பின்னாடி இருக்கற கிராஸோவர் குமிழைக் கடைசி வரைக்கும் திருப்பிடுங்க, ரெண்டு பேரும் வெட்டினா நடுவுல ஓட்டை விழும். அடியில ரப்பர் போட்டாலும் தாழ்ந்த முழக்கம் தளம் வழியா இறங்கத்தான் செய்யும். ராத்திரி பத்து மணிக்கு மேல சப் அளவைக் குறைக்கறதுன்னு நண்பர் அம்மாகிட்ட ஒப்பந்தமே போட்டுட்டார்.

கடலோரத்துக்காரங்களுக்கு இன்னொண்ணு. உப்புக்காத்துல செம்புக் கம்பி நுனி பச்சை பூக்கும். ரிச்சி தெருவுல கேபிள் வாங்கறப்ப, செம்பு பூசின அலுமினியம் வேணாம், முழுச் செம்புதான் வேணும்னு கேளுங்க. நுனியைத் திறந்து விடாம தங்கமுலாம் பனானா பிளக்ல முடுக்குங்க. கடல் பக்க ஜன்னலுக்கு நேரா ரிசீவரை வைக்காதீங்க.