ஆஸ்திரேலியப் பூர்வகுடி மாணவரும் பள்ளிக்கூடமும்



ஆஸ்திரேலியப் பூர்வகுடி மாணவர்கள் பள்ளியில் சிறப்பதற்கு எது துணைசெய்யும் என்னும் பொருளை இன்று எடுத்துக்கொள்கிறேன்.

1819-ஆம் ஆண்டு சிட்னியில் ஏறத்தாழ நூறு ஐரோப்பியக் குழந்தைகளும் இருபது பூர்வகுடிக் குழந்தைகளும் கலந்துகொண்ட தேர்வொன்றில் முதற்பரிசைப் பெற்றவள், கவர்னர் மெக்குவாரி பரமட்டாவில் நிறுவிய பூர்வகுடிப் பள்ளியில் பயின்ற ஒரு சிறுமி. பிற்காலத்தில் மரியா லாக் என அறியப்பட்டவள் அவளே என்று சரித்திர ஆசிரியர்கள் கருதுகின்றனர். பெற்றோர் தம் பிள்ளைகளை ஆண்டுக்கு ஒருநாள் மட்டுமே பார்க்கலாம் என்று விதி வகுத்திருந்த பள்ளி அது. புத்திக் குறைவென்ற பேச்சுக்கு இடமில்லை என்பது அன்றே ருசுவாகிவிட்டது. ஆனால் ருசுவைக் கண்டபிறகும் மனம் மாறாதிருப்பதே துவேஷத்தின் இயல்பு. நியூ சவுத் வேல்ஸ் மாகாணத்தில், வெள்ளையர் பெற்றோர் ஆட்சேபித்தால் பூர்வகுடிக் குழந்தையை அரசாங்கப் பள்ளியிலிருந்து வெளியேற்றலாம் என 1902-இல் ஏற்பட்ட ஏற்பாடு, ஆசிரியர் கைந்நூலிலிருந்து 1972-இல்தான் நீக்கப்பட்டது. வகுப்பறையை விட்டு விரட்டப்பட்டவர்களின் பேரக்குழந்தைகளே இன்று அவ்வகுப்பறைகளில் அமர்ந்திருக்கிறார்கள்; பள்ளியின் வாயிலுக்கு வரக் கூசும் பாட்டியைப் பார்த்து, "இவர்களுக்குக் கல்வியில் சிரத்தையில்லை" என்று சொல்வது எத்தகைய அநியாயம்!

வகுப்பறைக்குள் நிகழ்வதைச் சற்று நெருங்கிப் பார்ப்போம். வடபுலத்துக் கிராமங்களில் கைக்குழந்தைப் பருவத்திலேயே தொடங்கி, காதில் சீழ் வடிதலும் செவிப்பறையில் துளை விழுதலுமாக ஆண்டுக்கணக்கில் நீடிக்கும் நடுச்செவி நோய் மிக அதிகம். மின்விசிறி இரைந்துகொண்டிருக்கும் அறையில், ஆசிரியர் கரும்பலகையை நோக்கித் திரும்பி எழுதிக்கொண்டே பேசும்போது, பாதி ஒலியே காதில் விழும் சிறுவன் பக்கத்துப் பிள்ளைகள் எந்தப் பக்கத்தைப் புரட்டுகிறார்கள் என்று பார்த்துத் தானும் புரட்டுகிறான். அது பிடிபடாதபோது எழுந்து நடமாடுகிறான். அடங்காதவன் என்று பெயர் வாங்குகிறான். அவன் வீட்டில் பேசுவதோ வேறொரு மொழி, அல்லது தனக்கென இலக்கணமுடைய பூர்வகுடி ஆங்கிலம். அதைப் பிழையென்று நாள்தோறும் திருத்தினால் அவன் வாய் திறப்பதே நின்றுபோகும். குழந்தைகளை நோக்கி நின்று பேசுவது, அறையில் ஒலிபெருக்கி அமைப்பது, செவியைக் காலத்தில் பரிசோதிப்பது, அவன் மொழி அறிந்த உள்ளூர் உதவியாசிரியரை அருகில் வைத்துக்கொள்வது: இவற்றில் எதுவும் எட்டாக் கனியன்று.

இவற்றினும் முதன்மையானது ஆசிரியரின் எதிர்பார்ப்பு என்பது என் உறுதியான அபிப்பிராயம். குவீன்ஸ்லாந்திலுள்ள செர்பர்க், பல இனக்குழுக்களைச் சேர்ந்த மக்களைப் பலவந்தமாகக் கொண்டுவந்து குடியேற்றிய ஊர். அவ்வூர்ப் பள்ளிக்கு 1998-இல் தலைமையாசிரியராக வந்த கிறிஸ் சாரா, அப்பதவியை அங்கு வகித்த முதற் பூர்வகுடியினர். வருகைக் குறைவையும் தேர்ச்சிக் குறைவையும் ஊரின் தலைவிதியாகக் கொண்டிருந்த ஆசிரியர்களிடம், இக்குழந்தைகளால் முடியும் என்று நம்ப இயலாதவர்கள் வேறிடம் தேடிக்கொள்ளலாம் என்று அவர் வெளிப்படையாகக் கூறினார்; பலர் போயினர். உறுதியும் அறிவும் உடையவர்களாவோம் என்பதைப் பள்ளியின் முழக்கமாக்கி, பூர்வகுடியினரின் சரித்திரத்தைப் பாடமாக்கி, ஊர்ப் பெரியோர்களைப் பள்ளிக்குள் அழைத்தார். காரணமின்றி வராதிருத்தல் வெகுவாகக் குறைந்தது. கண்டிப்பும் அன்பும் ஒருவரிடத்திலேயே இருந்தன என்பதை ஆசிரியர்கள் விசேஷமாகக் கவனிக்க வேண்டும். இரக்கம் என்ற பெயரில் எளிய பாடத்தைக் கொடுத்து அனுப்பிவிடுவதும் ஒருவகைப் புறக்கணிப்பே.

வடகோடியில், ஆர்ன்ஹெம் நிலத்து யிர்க்கலா ஊரில் யொல்ங்கு மக்கள் வேறொரு வழியில் இதே இடத்தை அடைந்தனர். 1970-களில் அரசாங்க ஆதரவுடன் தொடங்கிய இருமொழிக் கல்வியில், குழந்தை முதலில் தாய்மொழியில் எழுதப் படிக்கக் கற்று, பின்னர் ஆங்கிலத்துக்குச் செல்லும். கடல்நீரும் ஆற்றுநீரும் கலக்கும் கழிமுகத்தைப்போல் இருவகை அறிவும் சமமாகச் சேரவேண்டும் என்பது அவர்தம் கொள்கை. 1988-இல் ஆர்ன்ஹெம் நிலத்தின் யொல்ங்கு மக்களுள் முதல் பட்டதாரியாகி, 1990-இல் அப்பள்ளியின் தலைமையாசிரியரான டாக்டர் எம். யுனுப்பிங்கு, 'யொது யிண்டி' இசைக்குழுவால் உலகப் புகழ் பெற்றவர். எனினும் ஆசிரியத் தொழிலையே தம் பெரும்பணியாக அவர் மதித்தார் என்று நான் எண்ணுகிறேன். 2008-இல், தேசியத் தேர்வின் முடிவுகள் வெளிவந்தபின், வகுப்பின் முதல் நான்கு மணி நேரமும் ஆங்கிலத்திலேயே நடக்கவேண்டுமென வடபிரதேச அரசு உத்தரவிட்டது. அரைகுறையாகப் புரியும் மொழியில் நான்கு மணி நேரத்தைக் கூட்டினால் அம்மொழி வந்துவிடும் என்று கருதியது பெரும்பிழை. யிர்க்கலா தன் வழியைக் கைவிடவில்லை. 2020-இல் அவ்வூர்ப் பள்ளியின் எட்டு மாணவர்கள், பன்னிரண்டாம் வகுப்பைப் பல்கலைக்கழகத்தில் சேரும் தகுதியோடு முடித்தனர். அவ்வூரில் முதன்முதலாக அவ்வாறு முடித்தவர்கள் அவர்களே.

2031-க்குள் இருபது முதல் இருபத்து நான்கு வயதுவரையுள்ள பூர்வகுடி இளைஞரில் நூற்றுக்குத் தொண்ணூற்றாறு பேர் பன்னிரண்டாம் வகுப்போ அதற்கு நிகரான கல்வியோ பெற்றிருக்கவேண்டுமென்று அந்நாட்டு அரசுகளும் பூர்வகுடி அமைப்புகளும் 2020-இல் உடன்படிக்கை செய்திருக்கின்றன. அதை நிறைவேற்றும் பொறுப்பில் இருப்போர், புதிய திட்டமொன்றை வகுப்பதற்கு முன் செர்பர்க்குக்கும் யிர்க்கலாவுக்கும் சென்று, அங்குள்ள பாட்டிமார்களோடும் உள்ளூர் ஆசிரியர்களோடும் அமர்ந்து, அவர்கள் கேட்பதற்குப் பணமும் அதிகாரமும் அளிக்கவேண்டும் என்பதே என் விண்ணப்பம்.