மாஞ்சோலையில் காட்டின் கணக்கு



காடு கூடியதா குறைந்ததா என்று இரண்டாண்டுக்கு ஒருமுறை இந்திய வன ஆய்வு நிறுவனம் அறிக்கை வெளியிடுகிறது. ஒரு ஹெக்டேருக்குக் குறையாத நிலத்தில் 10 சதவீதம் மரநிழல் விழுந்தால் போதும், அந்தக் கணக்கில் அது காடு. தென்னந்தோப்பும் காடு, ரப்பர் தோட்டமும் காடு. அங்கே முன்பு என்ன இருந்தது, யார் வெட்டினார்கள் என்று செயற்கைக்கோள் கேட்பதில்லை. நாம்தான் கேட்க வேண்டியிருக்கிறது.

மாஞ்சோலையை எடுத்துக்கொள்வோம். 1929இல் சிங்கம்பட்டி ஜமீன் 8,374 ஏக்கர் மலைக்காட்டை 99 ஆண்டுக் குத்தகைக்குப் பம்பாய் பர்மா கம்பெனியிடம் விட்டது. காட்டை வெட்டித் தேயிலை நட்டவர்கள் பெரும்பாலும் தலித்துகள், நம் மக்கள். அவர்களுடைய பிள்ளைகளுக்கும் பேரப்பிள்ளைகளுக்கும் கூலி உயர்வு கேட்டு 1999 ஜூலை 23 அன்று நெல்லையில் நடந்த ஊர்வலத்தில்தான் தாமிரபரணிக் கரையில் 17 உயிர்கள் போயின.

அந்த மலை 1988லிருந்து களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகம். குத்தகை முடிவது 2028இல். ஆனால் 2024லேயே விருப்ப ஓய்வு என்று (எத்தனை விருப்பம் என்பது வேறு கதை) தொழிலாளர்களைக் கீழே இறக்கத் தொடங்கினார்கள். டான்டீ தோட்டத்தை ஏற்று நடத்தட்டும் என்ற கோரிக்கையை உயர்நீதிமன்றம் ஏற்கவில்லை.

வன உரிமைச் சட்டம் இருக்கிறதே என்பீர்கள். பழங்குடியல்லாதவர், 2005 டிசம்பர் 13க்கு முன் மூன்று தலைமுறை, அதாவது 75 ஆண்டு, காட்டில் வாழ்ந்ததை நிரூபிக்க வேண்டும். கழித்துப் பாருங்கள்: 1930 டிசம்பர். குத்தகை போட்ட மறு வருடம்! பாட்டன் அதற்குள் மலையேறினான் என்பதற்குப் பேரனிடம் என்ன காகிதம் இருக்கும்? செக்ரோல் எழுதியது கம்பெனி.

அப்படியானால் காடு திரும்ப வேண்டாமா? வேண்டும். தாமிரபரணித் தண்ணீரை நம் சேரியும்தான் குடிக்கிறது. ஆனால் ஆட்களை இறக்கிவிட்டால் தேயிலை தானாக மழைக்காடாகிவிடாது. கவாத்து நின்றால் தேயிலைச் செடியே மரமாக வளரும். நிழலுக்கு வைத்த சில்வர் ஓக்கும் இடையில் மண்டும் உண்ணிச்செடியும் நிற்கும். செயற்கைக்கோள் அதையும் காடு என்றே எழுதிக்கொள்ளும். மலையின் சொந்த மரங்களை நட்டு, வருடக்கணக்கில் களையெடுத்துக் காக்க ஆள் வேண்டும். எந்தச் சரிவில் மண் நிற்கும், எந்த ஓடை கோடையிலும் ஓடும் என்பது தலைமுறைகளாகக் கொழுந்து பறித்தவர்களுக்குத் தெரியும். அந்த வேலையை அரசுக் கூலியில், அதே லயன் வீடுகளில் இருக்கும் உரிமையோடு அவர்களுக்குக் கொடுக்கச் சொல்லிக் கேட்போம். 2028 வரை காத்திருக்காமல் இப்போதே கேட்போம்.