காணாததைக் கண்டறிந்த பெண்மணி



எங்கள் தோட்டப் பள்ளியில் ஐந்தாம் வகுப்பு மாணவி ஒருத்தி கேட்டாள்: "ஐயா, கருந்துளையிலிருந்து வெளிச்சம்கூட வெளியே வராது என்றீர்களே, அப்படியானால் அது அங்கே இருப்பது எப்படித் தெரியும்?"

இந்தக் கேள்விக்குத் தம் வாழ்நாள் உழைப்பால் விடை தந்தவர்களுள் ஒருவர் அமெரிக்க வானியற்பியலாளர் ஆண்ட்ரியா கெஸ். இவர் 1965இல் நியூயார்க்கில் பிறந்து, சிக்காகோவில் வளர்ந்தவர். 1969இல் மனிதன் நிலவில் கால் வைத்தபோது இவருக்கு நான்கு வயது. அங்கே செல்லும் முதல் பெண் தாமே ஆகவேண்டும் என்று அப்போதே ஆசைப்பட்டார். தாயார் சிரித்து ஒதுக்கவில்லை; தொலைநோக்கி ஒன்று வாங்கித் தந்தார். பின்னர், உயர்நிலைப் பள்ளியில் வேதியியல் கற்பித்த ஆசிரியை இவருக்கு வழிகாட்டியாக அமைந்தார்.

இனி, அந்த மாணவியின் கேள்விக்கு வருவோம். இருட்டில், முளையடித்துக் கட்டிய மாடு ஒன்றை எண்ணிப் பாருங்கள். முளையும் தெரியாது, கயிறும் தெரியாது. ஆனால் மாட்டின் கழுத்து மணியோசை வட்டமாகச் சுற்றிச் சுற்றி வந்தால், நடுவில் முளை இருக்கிறதென்று நாம் அறிந்துகொள்வோம் அல்லவா? கெஸ் செய்ததும் அதுவே. நமது பால்வீதியின் நடுப்பகுதி ஏறத்தாழ 26,000 ஒளியாண்டுத் தொலைவில் உள்ளது. அங்கே விண்மீன்கள் எதைச் சுற்றி ஓடுகின்றன என்று பார்க்க விரும்பினார்.

தொலைநோக்கியைப் பயன்படுத்த அவர் முதலில் விடுத்த விண்ணப்பம், இது நடவாது என்று தள்ளப்பட்டது. அவர் விடவில்லை. 1995 முதல், ஹவாய்த் தீவின் மலையுச்சியில் உள்ள, பத்து மீட்டர் அகலக் கண்ணாடி கொண்ட கெக் தொலைநோக்கியால் ஆண்டுதோறும் அதே விண்மீன்களைப் படம் பிடித்தார். அவற்றுள் ஒன்று ஒரு சுற்றை முடிக்க 16 ஆண்டுகள் ஆகின்றன. நாம் முதலாம் வகுப்பில் சேர்க்கும் பிள்ளை படிப்பை முடித்து வேலைக்கே போய்விடும் காலம் அது!

விண்மீன்களின் வேகத்தையும் பாதையையும் கணக்கிட்டபோது, நடுவில் இருப்பது 40 இலட்சம் சூரியன்களின் நிறை கொண்டது என்று தெரிந்தது. கருந்துளையைத் தவிர வேறெதுவும் அவ்வளவு நிறையை அத்தனை சிறிய இடத்தில் அடக்கிக்கொள்ள முடியாது. ஜெர்மனியின் ரைன்ஹார்ட் கென்ஸல் குழுவினரும் தனியே ஆராய்ந்து இதே முடிவுக்கு வந்தனர். 2020இல் இவ்விருவரும் ரோஜர் பென்ரோஸும் இயற்பியல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டனர். அப்பரிசைப் பெற்ற நான்காவது பெண்மணி கெஸ்.

ஆராய்ச்சியோடு அவர் நின்றுவிடவில்லை. லாஸ் ஏஞ்சலஸிலுள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் பாடம் நடத்துகிறார். பொதுமக்களுக்கு எளிய முறையில் உரையாற்றுகிறார். பெண்ணும் வானியலாளர் ஆகலாம் என்று சிறுமியருக்குச் சொல்லும் நூலொன்றை, 1995இலேயே இன்னொருவருடன் சேர்ந்து எழுதினார்.

கேள்வி கேட்ட எங்கள் மாணவி, வாரத்தில் இரண்டு நாள் பள்ளிக்கு வருவதில்லை. தாய் விடியலில் பால்மரம் வெட்டப் போனால், கைக்குழந்தையைப் பார்க்க அவளை விட்டால் ஆளில்லை. நாங்கள் குறை சொல்லவில்லை. தோட்டத்து நிலை எங்களுக்கும் தெரியும். அதனால் விடுபட்ட பாடத்தை மாலையில் சொல்லித் தருகிறோம். பெற்றோர்களே, அந்த ஒரு மணி நேரம் பிள்ளையை அனுப்பி வையுங்கள். வீடு திரும்பி அவள் கேள்வி கேட்டால், விடை தெரியாவிட்டாலும் அதட்டாதீர்கள். "நாளைக்கு வாத்தியாரைக் கேள்" என்று சொல்லுங்கள்; அதுவே போதும்.